லினக்ஸ் கிளப்புக்கு வருகிறீர்களா? சார்ஜரை மறக்காதீர்கள்

எங்கள் கல்லூரி தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது. லினக்ஸ் கிளப் வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு லேபில் கூடும், ஐந்தேகாலுக்குக் கலைந்துவிடும். அந்த ஐந்தேகாலை நிர்ணயித்தது வலங்கைமான் பஸ். எங்களில் பாதிப் பேர் தினமும் ஊரிலிருந்து வந்துபோகிறவர்கள். அந்த பஸ்ஸை விட்டால் இரண்டு பஸ் மாறி, இருட்டிய பிறகுதான் வீடு சேர முடியும். நீடாமங்கலம் பக்கம் போகிறவர்களுக்கு ரயில்வே கேட் வேறு இருக்கிறது. அதனால் சரியான நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

நான் முதலாண்டில் சேர்ந்து, மூன்றாம் ஆண்டில் கிளப்பை நடத்தி, இப்போது பழைய மாணவனாக எப்போதாவது எட்டிப் பார்ப்பவன். ஒவ்வொரு ஜூலையிலும் புதிதாக வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் கல்லூரியில் கிளப்பே இல்லையென்றால், தொடங்குவதற்கும் இது உதவும்.

முதல் வாரம்: சும்மா உட்காருங்கள்

"அண்ணா, இது ஹேக்கிங் கிளப்பா? பக்கத்து வீட்டு வைஃபைய உடைக்கலாமா?" வருஷத்துக்கு ஒரு தம்பியாவது இப்படிக் கேட்டுவிடுகிறான். இல்லை, தம்பி. இங்கே விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் போடுவோம், போட்டது கெட்டால் சரிசெய்வோம், அப்படியே கட்டற்ற மென்பொருள் எதற்காவது நம் பங்கைச் செய்வோம்.

கதை சுருக்கமாக: ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-ல், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை எழுதும் குனு திட்டத்தை அறிவித்தார். ஒரு மென்பொருளை எதற்கு வேண்டுமானாலும் ஓட்டலாம், அதன் மூலநிரலைப் பிரித்துப் படிக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றி அந்த மாற்றத்தையும் கொடுக்கலாம் என்ற நான்கு சுதந்திரங்கள்தான் அதன் அடிப்படை. 1991 ஆகஸ்ட் 25 அன்று ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லினஸ் டோர்வால்ட்ஸ், பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையத்தில் நாலு வரி போட்டார். அது இயங்குதளத்தின் மையப் பகுதியான லினக்ஸ் கர்னல் ஆயிற்று. இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நாம் போடுவது.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். தண்ணீர் திறப்பதற்கு முன்னால் வாய்க்காலை யார் தூர்வாருவது? அந்தத் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்கள் ஆள் கொடுத்துச் செய்ததைத்தான் குடிமராமத்து என்றார்கள். கட்டற்ற மென்பொருளும் அப்படித்தான் நடக்கிறது. பாய்ச்சுகிறவனே மண்வெட்டியும் பிடிக்கிறான். பிடிக்காதவனுக்குத் தண்ணீர் கிடையாது என்று யாரும் சொல்வதில்லை, அது மட்டும்தான் வித்தியாசம்.

சி.எஸ். மாணவர்களுக்கு மட்டும் என்று நினைத்துத் தயங்க வேண்டாம். எங்கள் கிளப்பில் இன்ஸ்டால் வேலையில் கைதேர்ந்தவர் பி.காம். படித்த ஓர் அக்கா. பொறுமைசாலி, திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் படிப்பார். தேவையான தகுதி அவ்வளவுதான்.

முதல் வாரம் லேப்டாப் கொண்டுவந்தாலும் எதுவும் போட்டுக்கொள்ளாதீர்கள். யாராவது ஒருவர் போடும்போது பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். மேடையில் ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசுவதைப் பத்துத் தடவை கேட்பதைவிட, திணறுகிற ஒருவர் பக்கத்தில் ஒரு தடவை உட்கார்ந்தால் அதிகம் தெரிந்துகொள்ளலாம். இது என் சொந்த அபிப்பிராயம். செமினார் பிரியர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

இரண்டாம் வாரம்: போடாமலே ஓட்டிப் பாருங்கள்

லினக்ஸைக் கணினியில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டலாம். இதை லைவ் முறை என்போம். கிளப்பில் ஒரு பிஸ்கட் டப்பா நிறையப் பென்டிரைவ் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே என்ன என்று எழுதியிருக்கும். செருகுங்கள், லேப்டாப்பை அணைத்துத் திறக்கும்போது எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று உங்கள் மாடலுக்கு உரிய பொத்தானைத் தட்டுங்கள், பட்டியலில் பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். இதில் உங்கள் டிஸ்க்கை யாரும் தொடுவதில்லை. வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, டச்பேட் நகர்கிறதா, வெளிச்சம் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்று பாருங்கள். நாலும் வேலை செய்தால் பெரிய கண்டமெல்லாம் தாண்டியாயிற்று.

எந்த டிஸ்ட்ரோ, அதாவது லினக்ஸில் எந்த வகை, என்று கேட்டுப் பத்துப் பேரிடம் பத்துப் பதில் வாங்காதீர்கள். முதல் தடவைக்கு லினக்ஸ் மின்ட் போதும். நாலு ஜிபி ரேம் என்றால் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஆர்ச் என்ற கடினமான டிஸ்ட்ரோவைப் போட்டுவிட்டுத்தான் பேசுவேன் என்கிற ஒரு தம்பி எல்லாக் கிளப்பிலும் இருப்பான். நல்ல பையன்தான், ஆனால் முதல் மாதம் அவன் பேச்சைக் கேட்க வேண்டாம்.

நீங்களே பென்டிரைவ் தயார்செய்வதானால், இறக்கிய ஐஎஸ்ஓ கோப்பு (டிஸ்ட்ரோ முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) முழுசாக வந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். திட்டத்தின் தளத்திலேயே, கோப்பிலிருந்து கணக்கிட்ட எஸ்எச்ஏ-256 எண் கொடுத்திருப்பார்கள், 64 எழுத்து நீளம் இருக்கும். உங்கள் கோப்புக்கும் அதே எண் வர வேண்டும். ஹாஸ்டல் நெட்டில் நடு ராத்திரி இறக்கிய கோப்பு பாதியில் அறுந்திருப்பது சாதாரணம். எங்கள் வழக்கம்: ஒருவர் இறக்குவார், சரிபார்ப்பார், மற்றவர்கள் அவரிடம் நகல் எடுத்துக்கொள்வார்கள். வென்டாய் என்ற கருவியைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டால் நாலைந்து ஐஎஸ்ஓவை ஒரே பென்டிரைவில் சும்மா காப்பி செய்து போட்டுக்கொள்ளலாம்.

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். முதலாண்டில் எனக்கு டிடி என்ற கட்டளை தெரியும் என்பதில் ரொம்பப் பெருமை. அது ஐஎஸ்ஓவை அப்படியே பென்டிரைவில் எழுதும். எதில் எழுத வேண்டும் என்று நாம் சொல்ல வேண்டும், சொன்னதைத் திருப்பிக் கேட்காது. பென்டிரைவின் பெயரான எஸ்டிபி என்று அடிப்பதற்குப் பதிலாக எஸ்டிசி என்று அடித்தேன். எஸ்டிசியாக அப்போது செருகியிருந்தது நண்பனின் வெளி ஹார்ட்டிஸ்க், அதில் அவன் அண்ணன் கல்யாண ஆல்பம். கொஞ்சம் படங்களை மீட்டோம், தாலி கட்டுகிற படம் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து கிளப்பில் ஒரு சட்டம்: டிஸ்க்கில் எழுதுகிற எந்த வேலைக்கும் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் உரக்கப் படிப்பார், மற்றவர் சரி என்ற பிறகே என்டர். உங்களை எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

மூன்றாம் வாரம்: நிறுவுதல்

அதற்கு முந்தின ராத்திரி வீட்டிலோ ஹாஸ்டலிலோ செய்ய வேண்டியவை இருக்கின்றன. போட்டோ, ரெக்கார்டு, புராஜெக்ட் எல்லாவற்றையும் வேறோர் இடத்தில் நகல் எடுங்கள். அப்புறம் பிட்லாக்கர், அதாவது விண்டோஸின் டிஸ்க் பூட்டு. விண்டோஸ் 11 லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால், உங்களுக்குத் தெரியாமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கலாம். நாம் பயாஸில், அதாவது கணினி திறந்ததும் முதலில் ஓடுகிற அடிப்படை அமைப்பில், எதையாவது மாற்றியதும் அது விழித்துக்கொண்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். ஒருமுறை ஓர் இரண்டாமாண்டு மாணவி அந்த நீலத் திரையைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார். எண் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருந்தது. கணக்கின் பாஸ்வேர்டோ லேப்டாப் வாங்கிக் கொடுத்த மாமாவிடம். மாமா துபாயில், டூட்டி நேரத்தில் போன் எடுக்கமாட்டார். ஐந்தேகால் பஸ் போய், அப்புறம் அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து கூட்டிப் போனார். எண்ணைக் கிளம்புவதற்கு முன்னாலேயே பார்த்து, நோட்டில் பேனாவால் எழுதிக்கொண்டு வாருங்கள். போனில் படம் எடுத்து வைப்பதும் சரி, ஆனால் அன்றைக்குப் பார்த்துத்தான் போனில் சார்ஜ் இருக்காது.

விண்டோஸின் பவர் அமைப்பில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கும், அதை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து அதன் டிரைவில் எழுதினால் கோப்புகள் கெடலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டிலேயே சி டிரைவைச் சுருக்கி ஐம்பது ஜிபி அளவுக்கு வெற்றிடம் விட்டு வாருங்கள்.

கிளப்பில் நிறுவும் நிரலை ஓட்டும்போது "விண்டோஸுடன் சேர்த்து நிறுவு" என்பதற்கும் "டிஸ்க்கை அழித்து நிறுவு" என்பதற்கும் நடுவே ஒரு கிளிக்தான் தூரம். அந்த இடத்தில் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டு சீனியரைக் கூப்பிடுங்கள். சில லேப்டாப்களில் டிஸ்க்கே பட்டியலில் வராது. பயாஸில் சேமிப்பக முறையை ஏஎச்சிஐ என்று மாற்றினால் வரும், ஆனால் சும்மா மாற்றினால் விண்டோஸ் திறக்காமல் போகும். அதற்கு முன்னேற்பாடு உண்டு, தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் செய்ய வேண்டாம்.

சார்ஜர் கொண்டுவரச் சொன்னதன் காரணமும் இதுதான். பாதி நிறுவலில் பேட்டரி தீர்ந்தால் நம் ஒரு மணி நேரமும் தீர்ந்தது.

"டேலி ஓடுமா அண்ணா? ஆட்டோகேட்?" நேராக ஓடாது. கடைக் கணக்கு டேலியில் இருக்கிற வீட்டுக் கணினியிலும், சிவில் மாணவர்களின் லேப்டாப்பிலும் விண்டோஸை எடுத்துவிடச் சொல்ல மாட்டோம். இரண்டும் இருக்கட்டும், திறக்கும்போது தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஓடும் என்று பொய் சொல்லி ஒருவரைச் சேர்த்தால், அவர் பத்துப் பேரிடம் லினக்ஸ் குப்பை என்று சொல்வார். சொல்வதும் நியாயம்தான்.

வீட்டில் மூலையில் கிடக்கிற பழைய லேப்டாப் இருந்தால் அதையே முதலில் கொண்டுவாருங்கள், பயமில்லாமல் பழகலாம். அக்காவுக்கோ அண்ணனுக்கோ பள்ளியில் கொடுத்த அரசு லேப்டாப் பல வீடுகளில் இன்னும் பரணில் இருக்கிறது. 2011-ல் அந்தத் திட்டம் தொடங்கியபோது கொடுத்தவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. திறந்ததும் வருகிற பட்டியலில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு, என்னவென்று தெரியாமலே எல்லோரும் தாண்டிப் போனோம். அந்த இரண்டு ஜிபி ரேமில் இன்று லுபுண்டு என்ற இலகுவான டிஸ்ட்ரோ மெதுவாக ஓடும், பழைய ஹார்ட்டிஸ்க்கை எடுத்துவிட்டு ஓர் எஸ்எஸ்டி போட்டால் பரவாயில்லாமல் ஓடும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்ததிலிருந்து, 11-க்கு ஏறத் தகுதியில்லாத லேப்டாப்கள் கிளப்புக்கு வருவது கூடியிருக்கிறது.

நிறுவிய பிறகு

வைஃபை வரவில்லையா? போனை யுஎஸ்பி கேபிளில் இணைத்து யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். டிரைவர் எதுவும் கேட்காமல் நெட் வந்துவிடும். அதை வைத்து வைஃபைக்கான டிரைவரை இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு தந்திரம் எங்கள் கிளப்பில் காப்பாற்றிய மாலைகளுக்குக் கணக்கில்லை.

அடுத்து தமிழ். திரையில் படிக்க எழுத்துருவுக்குப் பஞ்சமில்லை. தட்டெழுத ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவி, விசைப்பலகை அமைப்பில் தமிழ்99-ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்99 தெரியாவிட்டால் ஒலிபெயர்ப்பு முறையும் அதிலேயே இருக்கிறது. ஆனாலும் பத்து நாள் சிரமப்பட்டு தமிழ்99 கற்றுக்கொள்வது லாபம் என்பேன். மெய்யெழுத்துக்கு அடுத்து அதே எழுத்தை அடித்தால் புள்ளி தானே விழும், கை வேகமாக ஓடும். வீட்டில் யாராவது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதத்தைத் திறந்தால் கோணல்மாணலாகத் தெரியும். லினக்ஸின் கோளாறு என்று நினைக்காதீர்கள், அது யூனிகோடுக்கு முந்தைய பழைய குறியாக்கம். மாற்றித் தரும் கருவிகள் உண்டு.

டெர்மினலைப் பார்த்து மிரள வேண்டாம். முதலில் நாலு கட்டளை போதும்: எங்கே இருக்கிறேன் என்று கேட்க ஒன்று, இங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒன்று, இடம் மாற ஒன்று, எந்தக் கட்டளைக்கும் விளக்கம் கேட்க மேன். இணையத்தில் கண்ட சுடோ வரியை அர்த்தம் புரியாமல் ஒட்டாதீர்கள். சுடோ போட்டால் கணினி உங்களை முதலாளியாக மதித்து, சொன்னதைச் செய்துவிடும்.

கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. "அக்கா, ஒர்க் ஆகல" என்று வாட்ஸ்அப்பில் போட்டால் பதில் வராது. என்ன செய்தீர்கள், திரையில் என்ன வரி வந்தது, எந்த டிஸ்ட்ரோ, எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். பாதி நேரம் இவ்வளவையும் எழுதும்போதே விடை பிடிபட்டுவிடும். விடை கிடைத்தால் அதையும் குழுவில் தமிழில் எழுதிப் போடுங்கள். அடுத்த வருஷத்துத் தம்பி அங்கேதான் தேடுவான்.

முதல் பங்களிப்பு: உங்கள் ஊர் வாய்க்கால்

நிரல் எழுதத் தெரிந்தால்தான் பங்களிக்கலாம் என்று இரண்டு வருஷம் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். காத்திருக்க வேண்டாம். நான் புதியவர்களை முதலில் அனுப்புவது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்புக்கு. 2004-ல் தொடங்கிய, யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய உலக வரைபடம். கணக்கு தொடங்கி, உலாவியிலேயே திருத்தலாம்.

உங்கள் கிராமத்தைத் திறந்து பாருங்கள். ஆறு இருக்கும், மெயின் ரோடு இருக்கும். வாய்க்கால்கள் பாதிக்கு மேல் இருக்காது, இருந்தாலும் பெயர் இருக்காது. செயற்கைக்கோள் படத்தில் கோடு தெரிகிறதே, பார்த்து வரைந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் விஷயம். அந்த வரைபடத்தில் நீர்நிலைக் கோட்டைத் தண்ணீர் ஓடும் திசையில்தான் இழுக்க வேண்டும். காவிரிச் சமவெளி தட்டையானது, மேலிருந்து எடுத்த படத்தில் ஓட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாது. பாசன வாய்க்காலா வடிகாலா என்பதும் தெரியாது, படத்தில் இரண்டும் ஒரே பச்சைக் கோடு. வரைபடத்தில் இரண்டுக்கும் தனித்தனிக் குறி. எங்கோ உட்கார்ந்திருக்கிற ஒரு பொறியாளரால் இதைச் சொல்ல முடியாது. வயலுக்கு மடை திறக்கப் போன உங்களுக்கோ உங்கள் தாத்தாவுக்கோதான் தெரியும்.

எங்கள் கிளப்பில் ஒரு மாணவி தன் ஊர் வடிகாலை வாய்க்கால் என்று குறித்துவிட்டு, வீட்டில் பெருமையாகக் காட்டினாள். தாத்தா கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுலேர்ந்து எவன்மா தண்ணி பாய்ச்சுவான்? ஐப்பசி மழைத் தண்ணி வடியற எடம்லா இது" என்றாராம். அன்றே திருத்தினாள். அடுத்த வாரம் தாத்தா சொல்லச் சொல்ல ஆறு மடைகளின் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள்.

இரண்டு விதி. கூகுள் மேப்பிலிருந்து எதையும் பார்த்து எழுதக் கூடாது, அதன் உரிமம் வேறு. பெயரைத் தமிழில் எழுதும்போது ஊர் எப்படி எழுதுகிறதோ அப்படி எழுதுங்கள், பெயர்ப் பலகையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் வம்பில்லை.

அதற்கு அடுத்து மொழிபெயர்ப்பு. நீங்கள் தினமும் திறக்கிற செயலியில் தமிழ் அரைகுறையாக இருந்தால், அதன் மொழிபெயர்ப்புப் பக்கத்தில் சேருங்கள். பல திட்டங்கள் வெப்லேட் என்ற மொழிபெயர்ப்புத் தளத்தில் இருக்கின்றன, உலாவியிலேயே செய்யலாம். ஒரு நாள் பத்து வரி போதும். முன்பே ஒரு சொல் புழங்கினால் அதை வைத்துக்கொள்ளுங்கள். "அன்மவுன்ட்" (செருகிய டிரைவைக் கழற்றுமுன் விடுவிப்பது) என்பதற்கு "இறக்கு" என்று போட்டால் "பதிவிறக்கு" என்பதோடு குழம்புமே என்று நாங்கள் ஒரு முழு வியாழக்கிழமை சண்டை போட்டோம். அன்று முடிந்தது இரண்டு வரி. அதுவும் ஒரு நல்ல மாலைதான்.

நிரல் பக்கம் போக ஆசை இருந்தால் கிட் கற்றுக்கொள்ளுங்கள். நிரலில் யார் எதை மாற்றினார்கள் என்று கணக்கு வைக்க டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதிய கருவி, இன்று அது இல்லாமல் பெரும்பாலான திட்டங்களில் வேலை இல்லை. விளக்கக் கோப்பில் ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பிப் பாருங்கள், எப்படி அனுப்புவது, எப்படிப் பேசுவது என்பது அதிலேயே பழகிவிடும். டி-ஷர்ட்டுக்காகவும் ரெஸ்யூமேவுக்காகவும் உப்புச்சப்பில்லாத திருத்தம் அனுப்பித் திட்டம் நடத்துகிறவர்களைக் கடுப்பேற்றாதீர்கள்.

இன்ஸ்டால் நாள் நடத்தும்போது

ஒரு பருவம் தாண்டியதும் உங்களிடமே பொறுப்பு வரும். தேதி வைப்பதுதான் முதல் வேலை. செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமையை மென்பொருள் சுதந்திர நாளாகக் கொண்டாடுவது வழக்கம், எங்களுக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. அக்டோபர் பாதிக்கு மேல் வைக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் முந்தின ராத்திரிதான் கலெக்டர் விடுமுறை அறிவிப்பார், அடித்த போஸ்டரும் சொல்லி வைத்த டீயும் வீண். கரண்டும் போகும். அதைத் தாண்டினால் செமஸ்டர் தேர்வு. ஜனவரியில் பொங்கல் கழிந்து மார்ச் வரை இன்னொரு வாய்ப்பு.

நாற்பது பேர் வந்தால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அப்டேட் போடுவார்கள், லேப் நெட் படுத்துவிடும். ஒரு பழைய கணினியில் ஏபிடி-கேச்சர்-என்ஜி என்ற நிரலைப் போட்டு வைத்தால் முதல் ஆள் இறக்கிய தொகுப்பு அங்கேயே தங்கி, மற்றவர்களுக்கு உள்ளிருந்தே போகும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களை முந்தின நாளே எண்ணுங்கள். ஒருவருக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிற அளவுக்கு மட்டும் டோக்கன் கொடுங்கள். எங்களுக்கு அது பன்னிரண்டு. மீதிப் பேர் லைவில் ஓட்டிப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

விழுப்புரத்தில் கல்லூரிக்கு வெளியே, ஊர்மட்டத்திலேயே ஒரு குனு லினக்ஸ் பயனர் குழு நடக்கிறது. சென்னையில் அதைவிடப் பழைய குழு இருக்கிறது. அங்கிருந்து ஒருவரைப் பேச அழைப்பதானால் போக்குவரத்துச் செலவு யார் கொடுப்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லோரும் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

மார்ச்சில் கைமாற்றுதல்

கல்லூரிக் கிளப்புகள் சாவது ஏப்ரலில். மூன்றாமாண்டு முடித்தவர் போகும்போது மின்னஞ்சல் பாஸ்வேர்ட், வாட்ஸ்அப் அட்மின், அலமாரிச் சாவி எல்லாம் அவரோடு போய்விடும். ஜூலையில் வருகிற பிள்ளைகளுக்குக் கதவே திறக்காது. எங்களுக்கு ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. பூட்டை உடைக்க லேப் பொறுப்பாளரிடம் கடிதம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, ஆகஸ்ட் பாதி ஆகிவிட்டது.

இப்போது மார்ச் முதல் வியாழக்கிழமையே எல்லாம் கைமாறும். கணக்குகள் தனி ஆளின் பெயரில் இல்லாமல் கிளப்பின் பெயரில் இருக்கும், இரண்டு பேருக்கு நுழைவு இருக்கும், ஒருவர் கட்டாயம் இரண்டாமாண்டு. நோட்டில் எந்தப் பென்டிரைவ் யாரிடம் என்று எழுதியிருக்கும். போன மார்ச்சில் நான் போயிருந்தபோது ஒரு பாப்பா பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று இருந்தது, நோட்டில் பன்னிரண்டு. டெபியன் என்று பிளாஸ்திரி ஒட்டியது காணோம். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பையைத் துழாவினேன், இருந்தது.